ஏ.எல். என்பது ஒருவரா, இருவரா? செட்டிநாட்டுக் குடும்ப வரலாற்றில் பெயர் எழுத்து வேறுபாடுகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பாட்டையா காலத்துப் பினாங்குப் பத்திரம் ஒன்றின் நகல் கைக்கு வந்தபோது, அதன் தலையில் 'ஏ.எல்.பி.எல்.' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் புள்ளி வைத்து எழுதியிருந்தன. நான்கு எழுத்து என்றால் நான்கு தலைமுறை என்று எண்ணி, குடும்ப மரத்தில் நான்கு கட்டங்கள் போட்டேன். இரண்டு மாதம் அந்த நான்கு பேரையும் தேடினேன். கோயில் கணக்கிலும் இல்லை, வீட்டு ஏட்டிலும் இல்லை. கடைசியில் அப்பத்தாவிடம் காகிதத்தைக் காட்டிப் படித்துச் சொன்னேன். "நாலு பேர் ஏதப்பா? அழ.பழ. தானே? ரெண்டே பேரு" என்றார்.

அழகப்பன், பழனியப்பன். தமிழில் 'அழ.', 'பழ.' என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு எழுத்து. ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஏஎல்', 'பிஎல்' ஆகியிருக்கிறது. பத்திரம் எழுதிய குமாஸ்தா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டார். அந்தப் புள்ளியால் இல்லாத இரண்டு பேர் எங்கள் வம்சத்தில் பிறந்துவிட்டார்கள்.

செட்டிநாட்டுக் குடும்பங்களின் பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் ஏதோ ஒரு வடிவில் வரும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: 'சர்நேம்' என்ற எண்ணத்தை ஒதுக்கி வைப்பது

வம்சாவளி தேடும் இணையதளங்கள் எல்லாம் முதலில் கேட்பது குடும்பப் பெயர். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. நம்மிடம் இருப்பது விலாசம். பாட்டனார், அப்பச்சி (அப்பா) என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி, கடைசியில் தன் பெயரை வைப்பதுதான் விலாசம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் விலாசம் சா.ராம.மு. அதை விரித்தால் சாத்தப்பன், ராமநாதன், முத்தையா. மூன்று பேர். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் எஸ், ஆர், எம், எம் என நான்கு எழுத்து வரும். நடுவில் இருக்கும் 'ஆர்எம்' ஒரே ஆள். நெற்குப்பை எழுத்தாளர் சோமலெவின் புனைபெயரே விலாசமும் பெயரும் சேர்ந்ததுதான்: சோம. லெட்சுமணன்.

வெளிநாட்டுப் பதிவேடுகளில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பியிருப்பார்கள். சில இடத்தில் 'செட்டியார்', சில இடத்தில் அப்பச்சி பெயர், சில இடத்தில் விலாசத்தின் கடைசி எழுத்து. ஆகவே அந்தக் கட்டத்தை நம்பித் தேடினால் ஆயிரக்கணக்கான செட்டியார்கள்தான் வருவார்கள்.

இரண்டாம் படி: கணினியைத் திறக்கும் முன் வீட்டில் கேட்க வேண்டியவை

ஐந்து விஷயம்: கோயில், பிரிவு, ஊர், விலாசம், வீட்டுப் பெயர்.

கோயில் என்றால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஒன்பது கோயில்களில் எது என்பது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. இளையாற்றங்குடி, மாத்தூர் போன்ற கோயில்களுக்கு உட்பிரிவுகளும் உண்டு. பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் கோயில் மாறாது. பெண்ணுக்கு மட்டும் கல்யாணத்தோடு கணவர் கோயிலாகும். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நிற்கும்போது, முதலில் பிரித்துக் காட்டுவது இதுதான். நகரத்தார் அல்லாத குடும்பமாக இருந்தால் குலதெய்வக் கோயிலையும் பங்காளி வகையறாவையும் இதே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பெயரைக் கேட்க மறந்துவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால், ஊரார் அவர்களை வீட்டையோ ஆளின் நிறத்தையோ உயரத்தையோ வைத்துத்தான் பிரித்திருப்பார்கள்.

அப்புறம் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), மொய்ப்பண ஏடு, முறிகள், கடைக் கணக்குகள் எல்லாம் நம் ஆட்கள் நம் எழுத்தில் எழுதியவை. பெயரின் மூல வடிவம் அங்கேதான் கிடைக்கும். ரங்கூன் நீதிமன்றக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். மொய் எழுதியவர் எதிரே உட்கார்ந்திருந்த ஆளைத் தெரிந்து எழுதினார். இரண்டும் முரண்பட்டால் நான் மொய்ப்பண ஏட்டின் பக்கம்தான் நிற்பேன்.

மூன்றாம் படி: எழுத்து எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிப்பது

வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அது பிடிபட்டுவிட்டால் அடுத்த வேறுபாட்டை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

பேச்சிலிருந்து தொடங்குவோம். நம் பக்கத்தில் ழகரம் ளகரமாகத்தான் வாயில் வரும்: அளகப்பன், பளனியப்பன். கேட்டவர் ஆங்கிலத்தில் 'எல்' போட்டார். படித்த பேரன் பிற்காலத்தில் 'இசட் எச்' போட்டான். ஒரே பெயர் அகரவரிசையில் இரண்டு மூலைக்குப் போய்விட்டது. சாத்தப்பன் 'எஸ்'ஸிலும் வரும், 'சி எச்'சிலும் வரும். வயிரவன், வைரவன் இரண்டும் ஒன்று. 1919-ல் பாரதியாரைக் கானாடுகாத்தானில் தம் வீட்டில் தங்கவைத்த சண்முகம் செட்டியாரின் விலாசத்தை 'வயி.சு.' என்றும் 'வை.சு.' என்றும் எழுதுகிறார்கள். லெட்சுமணன் இலட்சுமணன், இலக்குமணன், லக்ஷ்மணன் என்று நான்கு உடுப்பு மாற்றுவார். ராமநாதன் 'இராமநாதன்' ஆனால் அட்டவணையில் ரகரத்தை விட்டு இகரத்துக்குப் போய்விடுவார்.

பெயரின் வாலும் மாறும். தனியாக நின்றால் மெய்யப்பன். பட்டம் சேர்ந்தால் மெய்யப்பச் செட்டியார். ஆங்கிலத்தில் 'மெய்யப்பா' என்று நிற்கும். சிதம்பரம், சிதம்பரஞ் செட்டி ஆவார். இவர்களை வேறு ஆட்களாக எண்ண வேண்டாம்.

பட்டமும் இப்படித்தான். 'செட்டியார்' என்பதன் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் சில ஆவணங்களில் 'ஐ ஏ ஆர்', சிலவற்றில் 'ஒய் ஏ ஆர்'. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 'ஒய்' போட்டே எழுதினார். (அந்த 'சிடி'யும் சிதம்பரம் என்ற ஒரே பெயர்தான், சி ஒருவர் டி ஒருவர் இல்லை.) பழைய சட்டத் தீர்ப்புகளில் 'செட்டி'. 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர், பினாங்கு ஆவணங்களில் 'சிட்டி'. இங்கே ஓர் எச்சரிக்கை: மலாக்கா செட்டிகளும் கொழும்புச் செட்டிகளும் தனிச் சமூகங்கள். எழுத்து ஒத்துப்போகிறது என்பதற்காக அவர்கள் முன்னோரை நம் மரத்தில் ஒட்டிவிடக் கூடாது. சைகோன் ஆவணமாக இருந்தால் பிரெஞ்சு முறைப்படி உகரத்துக்கு 'ஓ யு' போட்டிருப்பார்கள். முத்தையாவை 'எம் யு'வில் மட்டும் தேடினால் அவர் அகப்பட மாட்டார்.

மலேசிய ஆவணங்களில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' என்று போடுவார்கள். 'அனாக் லெலாக்கி', அதாவது மகன் என்று பொருள். அந்தச் சாய்கோடு மங்கிப்போன நகலில் அது 'ஏ.எல்.' போலவே தெரியும். மறுபடியும் ஓர் அழகப்பன் பிறந்துவிடுவார்! எழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிறதா, இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். முன்னால் நின்றால் விலாசம். நடுவே நின்றால் மகன்.

இனி நம் கையெழுத்து. ஓலையிலும் பழைய கணக்கேட்டிலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரக் கொம்புகளுக்கு வேறுபாடு இருக்காது. அதனால் சேவுகன் 'செவுகன்' என்று தெரிவார். துணைக்காலும் ரகரமும் ஒரே உருவில் இருக்கும். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் முன் அச்சிட்ட அழைப்பிதழ்களில் லை, ணை, னை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். இளம் பிள்ளைகள் அதைத் தடுமாறித்தான் படிக்கிறார்கள்.

தமிழ் எண்கள் இன்னும் ஏமாற்றும். ௧ பார்க்கக் ககரம், ௨ உகரம், ௭ எகரம், ௮ அகரம். ஒரு மொய்ப் பட்டியலில் பெயருக்கு முன் 'அ' என்று இருந்ததை நான் தலைப்பெழுத்து என்று குறித்துக்கொண்டேன். மேலே இருந்த வரியைப் பார்த்தால் 'எ', அதற்கு மேல் 'சு' போல ஒன்று. ஆறு, ஏழு, எட்டு என்ற வரிசை எண்கள் அவை. ஏட்டின் உச்சியில் இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதையும் யாருடைய எழுத்தாகவும் எண்ணிவிடக் கூடாது. '௸' என்ற குறி மேற்படி. அது வந்தால் முந்தைய வரியின் ஆளைத்தான் சொல்கிறார்கள். முந்தைய பக்கத்தைப் படமெடுக்காமல் வந்திருந்தால் அந்த மேற்படியார் யார் என்று தெரியாமலே போய்விடும். அதனால் ஏட்டைப் படமெடுக்கும்போது நமக்கு வேண்டிய பக்கத்தோடு முன் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

பெண்கள் பெயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் அதிகம் தொலைகிறார்கள். விசாலாட்சி 'சாலா' ஆவார், மீனாட்சி 'மீனாள்' ஆவார், தெய்வயானை 'தெய்வானை' ஆவார். ஆங்கிலப் பத்திரங்களில் பின்னால் வரும் 'ஆச்சி'யைக் குடும்பப் பெயர் என்று அட்டவணைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றொன்று: அண்ணாமலை ஆண், உண்ணாமலை பெண். ஆங்கிலக் கையெழுத்தில் 'ஏ'யும் 'யு'வும் குழம்பினால் மாமியார் மாமனாராகிவிடுவார். உண்ணாமலை என்ற பெயர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் 'ஏ' வரிசையிலும் அவரைத் தேடுங்கள்.

நான்காம் படி: ஆளுக்கு ஓர் அட்டை

முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுங்கள். கணினியில் அட்டவணையாக வைத்தாலும் சரிதான். மேலே வீட்டு ஏட்டில் உள்ள தமிழ் வடிவம். அதன் கீழ் விலாசத்தைப் புள்ளியோடு எழுதாமல் முழுப் பெயர்களாக விரித்து எழுதுங்கள். பிறகு ஆவணங்களில் கண்ட வடிவங்கள் ஒவ்வொன்றும், எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதோடு. கடைசியாக, இன்னும் காணாத ஆனால் வரக்கூடிய வடிவங்கள்.

அந்தக் கடைசிப் பகுதிக்கு மூன்றாம் படி உதவும். பழனியப்பன் என்றால் ழகரத்துக்கு 'எல்', 'இசட் எச்' இரண்டு. நடுவில் உள்ள 'னிய'வுக்கு 'ஐ ஏ', 'இ ஏ', 'ஒய் ஏ' மூன்று. வாலுக்கு 'அப்பன்', 'அப்பா' இரண்டு. பெருக்கினால் பன்னிரண்டு வடிவங்கள். பன்னிரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு தேட உட்கார்ந்தால், பாதியில் எதைத் தேடினோம் என்று மறக்காது.

விலாச எழுத்துகளுக்கும் ஒரு சிறு அகராதி வேண்டும். பெரும்பாலும் ராம. 'ஆர்எம்', அழ. 'ஏஎல்', பழ. 'பிஎல்', சித. 'சிடி', கரு. 'கேஆர்', வீர. 'விஆர்'. ஆனால் 'ஆர்.எம்.' என்பது ராமசாமி, முத்தையா என்ற இருவராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அதே கடையின் தமிழ்க் கணக்கோ தமிழ்க் கையொப்பமோ கிடைத்தால் அங்கே உண்மை தெரிந்துவிடும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பலர் தமிழில்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆகவே முதல் பக்கத்தை விடக் கடைசிப் பக்கம் முக்கியம்.

ஐந்தாம் படி: தேடும் முறை

தேடல் தளங்களில் நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் ஏற்கும் இடமாக இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். மாறாத மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு மாறும் உயிரெழுத்தை விட்டுவிடுவதே உத்தி.

'ஒலி ஒத்த பெயர்கள்' என்ற வசதியை முழுதும் நம்பாதீர்கள். பல தளங்களில் அதன் பின்னால் இருப்பது சவுண்டெக்ஸ். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. முதலெழுத்தை அப்படியே வைத்து, பின்னால் வரும் மெய்களை மூன்று எண்களாக்கும். அதில் 'செட்டியார்' சி360, 'செட்டி' சி300. இரண்டும் ஒன்று சேராது. 'எல்' போட்ட பழனியப்பன் பி451, 'இசட் எச்' போட்டவர் பி251. நம் காதுக்கு ஒன்றாகக் கேட்பது அதற்கு வேறு. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த கருவி அது, நம் ழகரம் அதற்குத் தெரியாது. ஆகவே நம் அட்டையில் உள்ள பட்டியலை நாமே ஒவ்வொன்றாகப் போட்டுத் தேட வேண்டியதுதான்.

பெயர் சிக்கவில்லை என்றால் ஊரைப் போட்டுத் தேடுங்கள். அதிலும் நிர்வாக எல்லை மாறியதைக் கவனிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் உண்டானது 1910-ல். அதற்கு முன் காரைக்குடிப் பக்கத்து ஆவணங்கள் மதுரை மாவட்டத்தின் பெயரில் இருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல். ராயவரம், அரிமளம், கோனாபட்டு, ராங்கியம் எல்லாம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அந்த ஊர்க்காரர்களைச் சென்னை மாகாண அட்டவணையில் மட்டும் தேடுவது வீண் வேலை.

ஆளைத் தேடாமல் கடையைத் தேடுவதும் நல்ல வழி. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களில் பத்திரங்கள் பெரும்பாலும் கடை விலாசத்தின் பெயரில், ஏஜெண்டு மூலமாக எழுதப்பட்டன. முதலாளி காரைக்குடியில் இருப்பார், ரங்கூனில் கையெழுத்துப் போடுவது ஏஜெண்டு. ஏஜெண்டுகள் மூன்று வருஷக் கணக்கில் போய் வந்ததால் பத்திரத்துக்குப் பத்திரம் ஆள் மாறுவார், விலாசம் மாறாது. கையெழுத்துப் போட்டவரை முதலாளியாக எடுத்துக்கொள்ளும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றுகள், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகள், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகம், சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்கள் ஆகியவை நல்ல இடங்கள். தீர்ப்புகளில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு என்றால் நீதிபதியே வம்சாவளியை வரிசைப்படுத்திச் சொல்லியிருப்பார்.

ஆறாம் படி: பார்த்தபடியே எழுதுவது

ஆவணத்தில் 'செவுகன்' என்று இருந்தால் செவுகன் என்றே படியெடுங்கள். சேவுகன் என்று திருத்தியதை அடைப்புக்குறிக்குள் தனியாக வையுங்கள். திருத்தி எழுதிவிட்டால், பத்து வருஷம் கழித்து யாராவது அந்த ஆவணத்தை மீண்டும் தேடும்போது கிடைக்காது. நாம் செய்தது தவறான திருத்தம் என்றால் அதைக் கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து எழுதும்போது இந்த விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

தேதியையும் இப்படியே வையுங்கள். 'தாது வருஷம்' என்றால் அறுபதாண்டுச் சுற்றில் 1876, 1936 இரண்டுமே தாதுதான். எந்தச் சுற்று என்று தெரியும்வரை தமிழ் ஆண்டை மட்டும் எழுதுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்கி அடுத்த ஆங்கில ஆண்டின் ஏப்ரல் வரை போகும் என்பதால் தை, மாசிக் கல்யாணங்கள் ஓர் ஆண்டு தள்ளி விழும்.

ஏழாம் படி: ஒருவரா, இருவரா?

எழுத்து வேறுபட்டும் ஒருவராக இருப்பது ஒரு பக்கம். எழுத்து ஒன்றாக இருந்தும் வேறு ஆட்களாக இருப்பது இன்னொரு பக்கம். நம்மிடத்தில் இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும்.

காரணம், பேரிட்டுக்கொள்ளும் வழக்கம். தலைமகனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பெயர். அதனால் ஒரே வீட்டில் அருணாசலம், மெய்யப்பன், அருணாசலம், மெய்யப்பன் என்று மாறி மாறி வரும். விலாசமும் 'அரு.மெ.', 'மெ.அரு.' என்று புரண்டுகொண்டே இருக்கும். அண்ணன் தம்பி மூவரும் தங்கள் தலைமகனுக்கு ஒரே ஐயாவின் பெயரை இட்டால், ஒரே வயதில், ஒரே ஊரில், ஒரே பெயரில் மூன்று பேர். மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள்கள் பிள்ளையை வேறு செல்லப் பெயரில் கூப்பிடுவார்கள். அந்தச் செல்லப் பெயர் பள்ளிக்கூடப் பதிவில் ஏறியிருப்பதும் உண்டு.

இன்னொரு காரணம் பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கவிஞர் கண்ணதாசன், காரைக்குடிக்குச் சுவீகாரம் போனபோது நாராயணன் ஆனார். பிள்ளை வந்தவருக்குப் பெயரும் மாறலாம், விலாசமும் மாறும். ஒருவர் திடீரென ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து மறைந்து, வேறு வீட்டில் பிறந்த தடயமே இல்லாமல் பெரிய ஆளாக நின்றால், முதலில் சுவீகாரப் பத்திரத்தைத் தேடுங்கள்.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி: பெயரை மட்டும் வைத்து இருவரை ஒன்றாக்குவதில்லை. விரித்த விலாசம், கோயில்–பிரிவு, ஊர், மனைவி பெயரும் அவர் பிறந்த ஊரும் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். இவற்றில் மனைவி பிறந்த ஊருக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். ஒரே பெயருள்ள பங்காளிகள் இருவர் ஒரே ஊரில் பெண் எடுத்து, அந்தப் பெண்களுக்கும் ஒரே பெயர் அமைவது அரிது. நான்கும் ஒத்துவந்தாலும் வயதைப் பாருங்கள். ஐயாவும் பேரனும் ஒன்றாகிவிட்டால் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்றதாகக் கணக்கு வரும்.

சொத்து விஷயமாக இன்றைய அலுவலகங்களுக்குப் போகிறவர்கள், இரண்டு எழுத்து வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதுவார்கள். அதன் நகல் ஒன்றைக் குடும்ப ஏட்டிலும் வையுங்கள்.

எட்டாம் படி: தீராததைத் தீராததாகவே வைப்பது

ஆதாரம் போதாதபோது இரண்டு அட்டைகளையும் தனித்தனியே வைத்து, 'ஒருவராக இருக்கலாம்' என்று எழுதி, ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதையும் தேதியோடு கீழே குறியுங்கள். சேர்த்ததைப் பிரிப்பது பெரும்பாடு. தனியாக இருப்பதை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

என்னிடம் அப்படிச் சில அட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் பர்மாவின் மூல்மேன் நகரத்துப் பத்திரத்தில் வரும் 'வி.ஆர்.' ஒருவர். வீரப்பனா, வயிரவனா தெரியவில்லை. இரண்டு பெயரும் எங்கள் வீட்டில் உண்டு. பத்திரத்தின் கடைசிப் பக்கம் என்னிடம் வரவில்லை. தமிழ்க் கையொப்பம் அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அட்டையின் மேல் பென்சிலால் 'கடைசிப் பக்கம் கேட்க' என்று எழுதி வைத்திருக்கிறேன்.